வால் வந்தாச்சா?

எங்கள் ஓட்டக் கூட்டத்தில் சட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் இன்னொருவர் ஓட வேண்டும். அவருக்கு வால் என்று பெயர். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத கோட்டு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டவர்தான் வால். எவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தவராக இருந்தாலும் அன்றைக்குக் கடைசி ஆளைத் தாண்டக் கூடாது. கடைசி ஆள் நின்றால் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் உட்கார வேண்டும், ஓரமாக ஒதுங்கினால் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். வால் கொட்டகைக்கு வந்துவிட்டது என்றால் எல்லோரும் வந்துவிட்டார்கள். தலையை எண்ணுகிற வேலையெல்லாம் எங்களிடம் கிடையாது. "வால் வந்தாச்சா?" என்று கேப்டன் கத்துவார். வால் கையைத் தூக்கும். கலைந்துவிடுவோம்.

கேப்டன் என்றதும் ஏதோ பட்டாளத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்தால் கால் குடைகிறது என்று தனியாக ஓட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மருந்துக்கடைக்காரர், அவரைப் பார்த்து நான், இப்படியே பதினாறு பேர் ஆகிவிட்டோம். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற பிழைப்பு, வாய்க்கு மட்டும்தான் வேலை. இரண்டு மாதத்தில் பத்து கிலோமீட்டர் போட்டி ஒன்று வருவதாகவும், அதில் எல்லோரும் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் கேப்டன் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழைய சந்தைக் கொட்டகையில் கூடி, வாய்க்கால் கரையோடு பம்ப் ஹவுஸ் வரைக்கும் போய்த் திரும்புவோம். போக வர ஏழு கிலோமீட்டர். கேப்டனுக்குப் பிடிக்காது என்று யாரும் போன் கொண்டு வர மாட்டோம். "ஓடும்போது கூப்பிட எமனுக்கு மட்டும்தான் உரிமை" என்பார் கேப்டன். அது பேச்சு. நான் சொல்லப்போகிற ஞாயிற்றுக்கிழமை அவன் நிஜமாகவே கூப்பிட்டிருப்பான்.

என் கடைக்கு அடுத்த கடை லாண்டரி. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே எனக்குக் கேட்கும். அந்த வீட்டில் மூன்றே பேர்தான். லாண்டரிக்காரர், அவர் மனைவி, லாண்டரிக்காரரின் அக்கா. கீழே கடை, நடுவில் வீடு, மேலே மொட்டை மாடி. கடையில் பெரிய வாஷிங் மெஷின் இரண்டு, பிழிகிற மெஷின் ஒன்று, ஒரு கட்டில் அகலத்துக்கு இஸ்திரி மேஜை. ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் துணி முழுவதும் இவர்களுக்குத்தான் வரும். வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. இரவில் லாண்டரிக்காரர் துவைப்பார், பகலில் லாண்டரிக்காரம்மா, அதாவது அவர் மனைவி, இஸ்திரி போடுவாள், அக்கா மடிப்பாள். காய வைப்பது மட்டும் வெயிலின் வேலை. மாடி முழுக்கப் பதினாலு கொடி கட்டியிருந்தார்கள்.

வானத்தைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. காப்பி குடிக்கும்போதும் வானம், தெருவில் யாரிடமாவது பேசும்போதும் வானம். ஒரு தடவை லாண்டரிக்காரம்மா பல் பிடுங்கப் போயிருந்தாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஜன்னலில் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, வாயைக் கோணிக்கொண்டே எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். துணியை எடுத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாளாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாண்டரிக்காரம்மா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள், அதனால் எங்களுக்கும் அவள் அண்ணிதான். கட்டியவன் வேறு ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், அன்று சாயங்காலமே மேஜைப் பக்கம் வந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். கனத்த உடம்பு, மெல்லிய குரல். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, நடக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். நடக்க மாட்டேன் என்றாள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்களாம். எங்கள் கூட்டத்தில் ஓடுகிற லாண்டரிக்காரம்மா விடவில்லை.

"பாக்கட்டுமே. பாத்தா என்ன தேஞ்சா போயிடுவீங்க?"

"தேஞ்சாத்தான் பரவாயில்லையே. அதானே ஆக மாட்டேங்குது."

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்கதான் கடைசி. சரியா? உங்களுக்குப் பின்னாடி ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க, சிரிக்கிறதுக்கு. நான் மட்டும்தான். இந்த மாசம் வால் நான்தான்னு கேப்டன்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

"நான் பாதியில உக்காந்துட்டா?"

"நானும் உக்காந்துக்கறேன்."

"நீ வேகமா ஓடறவ. உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?"

"விட்டுட்டு ஓடிட மாட்டேன், வாங்க."

இது தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதால் கேட்டது. நாலு மாதமாக நச்சரித்து, கடைசியில் தம்பியின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு அண்ணி வந்தாள். முதல் இரண்டு ஞாயிறும் பம்ப் ஹவுஸ் வரைக்கும் போகவில்லை, வழியில் இருக்கிற இரண்டாவது மதகோடு திரும்பிவிட்டாள். மூன்றாவது ஞாயிறு போய்த் தொட்டுவிட்டு வந்தாள். கொட்டகையில் நாங்கள் எல்லோரும் நின்று கைதட்டினோம். அவள் சட்டைக் காலரால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள் மடிக்கும்போது பாட்டு கேட்டது. எட்டு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து நான் பாட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலாவது ஞாயிறு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். இதில் நான் கண்ணால் பார்த்தது பாதி. மீதி லாண்டரிக்காரம்மா எனக்கும் என் மனைவிக்கும் சொன்னது.

அதற்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்திருந்தது. ஈர வாடை அடிக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று நர்ஸ் போனில் பொரிந்து தள்ளிவிட்டாள். அதனால் சனிக்கிழமை மத்தியானம் துவைத்ததை உடனே எடுக்காமல், மொறுமொறுவென்று காயட்டும் என்று மாடியிலேயே விட்டிருந்தார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். லாண்டரிக்காரர் இரவெல்லாம் ஓட்டல் துணியைத் துவைத்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். அவர் தூக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் மெஷின் ஓடினால்தான் அவருக்குத் தூக்கமே வரும், பிறகு இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

நாங்கள் புறப்படும்போது வானத்தில் பொட்டு மேகம் இல்லை. காற்றே இல்லாமல் புழுங்கியது. ஓடும்போது எனக்கு மூச்சு அடைத்தது. "ஜெராக்ஸ், ஒரிஜினல் மாதிரி ஓடுய்யா!" என்று மருந்துக்கடைக்காரர் வழக்கம்போலக் கத்திவிட்டு என்னைத் தாண்டினார். பம்ப் ஹவுஸைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரே அண்ணி வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, ஆனால் நிற்காமல். பின்னால் லாண்டரிக்காரம்மா ஆரஞ்சுக் கோட்டில், ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் முன்னால் ஓடியவர்கள் கொட்டகைக்கு வந்து மூச்சு விடுவதற்குள் மேற்கே கறுத்துவிட்டது. அப்படி ஒரு கறுப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. புழுதிக் காற்று கிளம்பிக் கொட்டகையின் தகரக் கூரை படபடவென்று அடித்தது.

அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் முதல் மதகுக்கு அந்தப் பக்கம். கரை அங்கே மேடு. வீடுகளுக்கு நடுவே அவர்கள் வீட்டு மொட்டை மாடி நேராகத் தெரியும். லாண்டரிக்காரம்மா பார்த்தாள். கறுத்த வானத்துக்குக் கீழே வெள்ளை விரிப்பெல்லாம் கொடியில் எகிறிக்கொண்டிருந்தன. "என்னை நானே கேக்கலைங்க" என்று பிறகு எங்களிடம் சொன்னாள். "போகட்டுமா வேண்டாமான்னு யோசிச்சுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும். யோசிக்கவே இல்லை. காலு அதுபாட்டுக்குத் திரும்பிடுச்சு."

"அண்ணி, நீங்க மெதுவா வாங்க! துணி இருக்கு!"

"மழை வருதேம்மா..."

"இதோ, எடுத்துட்டு வந்துடறேன்!"

தலைதெறிக்க ஓடினாள். ஒன்றரைக் கிலோமீட்டர். அன்றைக்கு அவள் ஓடிய வேகத்தை யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தால் போட்டியில் பரிசே கொடுத்திருக்கலாம்.

கொட்டகையைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் உள்ளே ஒடுங்கி நின்றிருந்தோம், கண்ணெல்லாம் புழுதி. முதல் சொட்டுகள் தகரத்தில் கல் எறிவதுபோல் விழ ஆரம்பித்தன. தெருவில் ஆரஞ்சுக் கோட்டு வருவது தெரிந்தது. கேப்டன் வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"வால் வந்தாச்சா?"

அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே வலது கையைத் தூக்கினாள்.

"வந்தாச்சு! எல்லாரும் வீட்டுக்கு ஓடுங்கப்பா!" என்றார் கேப்டன்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணியை நான் பார்க்கவில்லை. வால் வந்திருக்கிறது, வாலுக்கு முன்னால் வர வேண்டிய ஆள் வரவில்லையே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கடையில் பேப்பர் கட்டு ஜன்னல் ஓரத்தில் இருந்தது, ஜன்னலைச் சாத்தவில்லை. கை தூக்கிவிட்டாளே, வேறு வழியாகக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். இதை நான் கேப்டனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மாடியில் அவள் துணியைப் பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கிளிப்பெல்லாம் தெறித்து விழுந்தன. தோளில், கழுத்தில், கையில் என்று சுருட்டிச் சுருட்டி மாடிப்படி அறைக்குள் எறிந்தாள். பதினாலு கொடியும் காலி. கடைசி விரிப்போடு உள்ளே நுழைந்து கதவைத் தாழ் போட்டதும் வானம் உடைந்துகொண்டு ஊற்றியது. ஆலங்கட்டி வேறு. அந்தச் சத்தத்தில் லாண்டரிக்காரருக்கே விழிப்பு வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு படியேறி வந்தவர் துணிக் குவியலைப் பார்த்தார்.

"நனைஞ்சுதா?"

"ஒண்ணு! ஒண்ணுகூட நனையலை! தொட்டுப் பாருங்க!"

"அடேயப்பா! நீ மனுஷியே இல்லைடி!"

இருவரும் சிரித்தார்கள். அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆலங்கட்டி தெருவில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அண்ணியை அவள் நினைக்கவில்லை என்று இல்லை. நினைத்தாள். கொட்டகையில் எல்லோரோடும் நின்றிருப்பாள், மழை விட்டதும் வருவாள் என்று நினைத்தாள். கொட்டகைக்காரர்களைத்தான் அவளே கையைத் தூக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டாளே, அது மட்டும் எப்படியோ நினைவுக்கு வரவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். ஒன்பது மணிக்கு வண்டி வந்துவிடும். பன்னிரண்டு விரிப்பு முடித்தாள்.

"அக்கா எங்கே, குளிக்குதா?" என்று லாண்டரிக்காரர் கேட்டார்.

அவள் கையிலிருந்த பெட்டி விரிப்பின்மேல் அப்படியே நின்றுவிட்டது. தீய்ந்த வாடை வந்தபிறகுதான் அவர் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார்.

மழையில் அவள் என் கடைக் கதவைத் தட்டியதை நான் மறக்க மாட்டேன். "அண்ணி... அண்ணி..." என்கிறாள், கரைப் பக்கம் கையைக் காட்டுகிறாள். லாண்டரிக்காரர் முன்னால் ஓடினார், நான் கேப்டனைக் கூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கரை முழுக்கக் களிமண். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கியது. வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. முதல் மதகைத் தாண்டியதும் சரிவில் அவளைப் பார்த்தோம். இடுப்பு வரைக்கும் தண்ணீர். ஒரு கையால் நாணல் தூரைப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் சட்டையைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டாள், உடம்பு தெரிகிறதே என்று.

மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. வலது கணுக்கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலி பொறுக்க முடியாத நேரத்திலும் "நான் ரொம்பக் கனம், பாத்துப்பா, பாத்து" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதே ஆஸ்பத்திரிதான். வேறு ஆஸ்பத்திரி பக்கத்தில் கிடையாது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. குளிரில் கிடந்ததால் அன்று மத்தியானமே காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் பயமில்லை என்றார்கள். சேர்த்த மறுநாள் காலையில் லாண்டரிக்காரம்மா கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வந்து விரிப்பை மாற்றினாள். மூலையில் சிவப்பு நூலில் இவர்கள் கடை அடையாளம்.

"இந்தத் தடவை நல்லா காயப் போட்டிருக்கீங்கம்மா. இப்படித்தான் இருக்கணும். பெரிய டாக்டர்கூடச் சொன்னாரு."

லாண்டரிக்காரம்மா எழுந்து வெளியே போய் வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"என்ன நடந்துச்சு? நீ எப்படி அக்காவை விட்டுட்டு வந்தே?" என்று லாண்டரிக்காரர் அவளைக் கேட்டது அண்ணியின் கட்டில் பக்கத்தில் வைத்துத்தான். நானும் கேப்டனும் இருந்தோம். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினாள்.

"நான்தான் போகச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா. துணி நனையப் போகுது, நீ ஓடும்மா, நான் மெதுவா வந்துடறேன்னு சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் விரட்டினேன். வழுக்கினது என் தப்பு."

லாண்டரிக்காரம்மா மடியில் இருந்த பிளாஸ்க் மூடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் அப்போது சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் யார்தான் சொல்லியிருப்பார்கள்? காப்பாற்ற ஒருத்தி கையை நீட்டும்போது பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

பத்தாம் நாள் அண்ணியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மாடிப்படி ஏற முடியாது என்று கடைக்குள்ளேயே, மடிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். கட்டுப் போட்ட காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்க மாட்டேன் என்று தலையணை உறை மடித்தாள். லாண்டரிக்காரம்மா அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள், தலை பின்னிவிட்டாள், இரவில் மூன்று தடவை எழுந்து பார்த்தாள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தெருவிலும் அப்படித்தான். என்னைப் பார்த்தால் ஷட்டரைப் பார்த்துப் பேசுவாள். என் மனைவி ஒரு நாள், "என்னம்மா இளைச்சுப் போயிட்டே, உன்னை மாதிரி யாரு பாத்துப்பா நாத்தனாரை!" என்று நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டாள். லாண்டரிக்காரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்ததாம்.

பிறகு கேப்டன் வந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பையில் வாங்கிக்கொண்டு, ஷேவ் பண்ணாத முகத்தோடு. ஸ்டூலில் உட்கார்ந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார் அண்ணியிடம். "எல்லாம் என்னால வந்தது."

"ஐயோ, நீங்க என்ன பண்ணினீங்க?"

"எண்ணலை. பதினாறு தலை. எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? இந்தம்மா புழுதியில முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியிருப்பாங்க. நான் வந்தாச்சுன்னு எடுத்துக்கிட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு கடுதாசி மாறிப் போனதில்லை என் கையில. ஒரு ஆளைத் தொலைச்சுட்டேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"ராத்திரி கண்ணை மூடினா தண்ணிதான் வருது. நான் இனிமே இதை நடத்தலைம்மா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு விசிலைக் குடுத்துடறேன். நான் லாயக்கில்லை."

இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற ஆவிச் சத்தம் மட்டும் கேட்டது. லாண்டரிக்காரம்மா ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேப்டன் எழுந்தார், செருப்பை மாட்டினார், போனார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தடுப்பை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு, நீ மட்டும் யோக்கியமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மெஷினைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் ஓடுகிற உடையில் வரவில்லை. கொட்டகைத் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கேப்டன் விசிலையும் ஆரஞ்சுக் கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு, என் கடையில் அச்சடித்ததுபோல் அதே வார்த்தைகளைச் சொன்னார். எண்ணலை, என் தப்பு, லாயக்கில்லை. விசிலை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அந்த மனுஷர் அதை வாங்கக் கையை நீட்டவில்லை.

"கொஞ்சம் இருங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து லாண்டரிக்காரம்மா வந்தாள். அவள் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. இஸ்திரி மேஜையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், இடுப்பில் ஏப்ரன்.

"நான் முகத்தைத் துடைக்கலை. வந்தாச்சுன்னுதான் கையைத் தூக்கினேன்."

கேப்டன் புரியாமல் பார்த்தார். "அந்தம்மா பின்னாடி வர்றாங்கன்னு நினைச்சு..."

"இல்லை. வரலைன்னு தெரியும். கரையிலேயே விட்டுட்டு வந்துட்டேன். அவங்க போகச் சொல்லலை. என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றாங்க. மழை வருதேன்னு கூப்பிட்டாங்க, நான் திரும்பிப் பாக்கலை."

"அப்புறம் கையை ஏம்மா தூக்கினே?" என்று கேட்டார் கேப்டன்.

"நின்னு சொன்னா ரெண்டு நிமிஷம் ஆகும். துணி நனைஞ்சுடும்."

எனக்கு முகம் சுட்டது. நானும் எழுந்து சொல்லியிருக்கலாம். என் கால் எழவில்லை. கேப்டன் திண்டில் உட்கார்ந்து கோட்டை மடியில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் அழுதார். அவள் எதிரே நின்றுகொண்டே இருந்தாள், உட்காரும்படி ஒருவரும் சொல்லாததால் திரும்பி நடந்தாள்.

நடக்க நடக்க மனசு லேசானதாக அவள் சொன்னாள். கூனிக் குறுகித்தான் போனாள், ஆனாலும் இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதுபோல் இருந்ததாம். இதோடு ஒரு வழியாக முடிந்தது, அண்ணி காலில் விழுந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். லாண்டரிக்காரர் ஓட்டலுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தார். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் அண்ணி. எல்லார் முன்னாடியும். நான்தான் விட்டுட்டு வந்தேன்னு. கையைத் தூக்கினதையும் சொல்லிட்டேன்."

அண்ணி கையிலிருந்த உறையின் மடிப்பை விரலால் நீவினாள். "எதுக்கும்மா? நான்தான் முடிச்சு வெச்சேன்ல."

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே என்ன சொல்லச் சொல்றே? தம்பி உன்னை ஒரு வார்த்தை சொல்லுவான். நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பே. இந்த வீட்லதானே நான் இருக்கணும், எனக்கு வேற எங்கே போக்கிடம்?"

லாண்டரிக்காரம்மா தன்மேல் வைத்த பாசம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்து உருகிக்கொண்டிருந்தாள்.

"நீ போன உடனேயே வழுக்கிடுச்சு" என்றாள் அண்ணி. இத்தனை நாளில் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. "மழை அப்போ இறங்கலை. நம்ம மாடி நல்லாத் தெரிஞ்சுது. நீ எடுக்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு கொடியாக் காலியாச்சு. வலி உயிர் போச்சு, ஆனா பயமா இல்லை. எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனேல்ல? இன்னும் மூணு கொடி, இன்னும் ரெண்டு கொடின்னு பாத்தேன். கடைசித் துணியையும் எடுத்துட்டு நீ உள்ளே போனே. சரி, இப்போ வந்துடுவான்னு எழுந்து உக்காந்தேன். படுத்துக் கிடந்தா மேலேருந்து உனக்குத் தெரியாதுல்ல."

வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அப்புறம் மழை பிடிச்சுது. மாடி மறைஞ்சுடுச்சு." அண்ணி அடுத்த உறையை எடுத்து உதறினாள். "துணியை எடுத்தப்புறம் என்ன பண்ணினே?"

கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் எல்லாம் சொன்னவள், துணி எடுத்த பிறகு நடந்ததை அங்கே சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"டீ போட்டேன் அண்ணி."

"குடிச்சியா?"

"குடிச்சேன். ரெண்டு பேரும் குடிச்சோம்."

அண்ணி தலையை ஆட்டினாள். "சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"இருந்துச்சு."

அண்ணி உறையை நாலாக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.